காய்ச்சலுக்கு முந்தைய ரத்தம்

அன்பு அக்காவுக்கு,

தலைகால் புரியாத சந்தோஷத்தில் உன் தம்பி எழுதுவது. அத்தானும் உன் வால் பிள்ளையும் சௌக்கியம்தானே? நீ சௌக்கியமில்லை என்று உன் கடிதமே சொல்லிவிட்டது. பச்சிளங்குழந்தைகள் வார்டு டாக்டர் வேலையை விட்டுவிடப் போவதாக எழுதியிருக்கிறாய். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் என் கூத்தைக் கேள்.

நாங்கள் தேடுவது என்னவென்று உனக்குத் தெரியும். கிருமி ரத்தத்தில் பரவி செப்சிஸ் என்று வெளியே தெரிவதற்கு முன்பே உடம்புக்குள் சில மரபணுக்கள் பரபரக்கத் தொடங்கிவிடும். ஆயிரக்கணக்கானவற்றில் அவை எவை என்று கம்ப்யூட்டரைப் பழக்கிக் கண்டுபிடிக்க வேண்டும். போன வருஷம் அது நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டது. நோயாளியின் ரத்தம் எது, நல்ல ஆளின் ரத்தம் எது என்று ஒன்றைக்கூடத் தவறாகச் சொல்லவில்லை. லேபே குதித்தது. எங்கள் புள்ளியியல்காரி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயரே ‘சந்தேகம்’. நூறு மார்க் வாங்குறவன் ஒண்ணு மேதையா இருக்கணும், இல்லே காப்பி அடிச்சிருக்கணும் என்றாள்.

காப்பிதான் அக்கா! நோயாளிகளின் ரத்தத்தை எடுத்த கையோடு ஓடிவந்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறோம். நல்ல ஆட்களுடையதுதானே, என்ன அவசரம் என்று மற்றதை மத்தியானம்வரை மேஜையிலேயே போட்டிருக்கிறோம். வெளியே கிடந்தால் ரத்தம் மாறிப்போகும். கம்ப்யூட்டர் படித்தது நோயை அல்ல, எங்கள் சோம்பேறித்தனத்தை. வெட்கமாகப் போய்விட்டது.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஆபரேஷனுக்காகப் படுத்திருந்தவர்களிடம் தினமும் கொஞ்சம் ரத்தம் எடுத்தோம். இந்தத் தடவை எல்லா ரத்தத்துக்கும் ஒரே மரியாதை. கம்ப்யூட்டர் முன்பு பொறுக்கிய மரபணுக்களில் முக்கால்வாசி உதிர்ந்துவிட்டன. ஆனால் மிஞ்சியவை இருக்கின்றனவே! பின்னால் செப்சிஸ் வந்தவர்களில் பெரும்பாலோரைக் காய்ச்சலுக்கு முந்தைய நாள் ரத்தத்திலேயே அவை காட்டிக்கொடுத்துவிட்டன. சிலரைத் தவறவிட்டதும் உண்டு. அதனால்தான் எனக்கு நம்பிக்கையே வந்தது. சந்தேகம் தன் கையால் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள் என்றால் பார்த்துக்கொள்.

ஆனால் இவர்களெல்லாம் பெரியவர்கள். குழந்தைகளிடம் இது பலிக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதற்கு உன் வார்டு வேண்டும். பயந்துபோய் நிற்கும் அப்பா அம்மாவிடம் பேசிச் சம்மதம் வாங்க நீ வேண்டும்.

அந்தக் குழந்தையைப் பற்றி எழுதியிருந்தாய். சாயங்காலம் நன்றாகப் பால் குடித்தது, விடிவதற்குள் செப்சிஸ் கொண்டுபோய்விட்டது, நான் என்னத்தைப் பார்த்துக் கிழித்தேன் என்று. படித்துவிட்டு அழுதேன் அக்கா. சாயங்காலம் பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இருந்திருக்காது. எந்த டாக்டராக இருந்தாலும் குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு வீட்டுக்குத்தான் போயிருப்பார். இருந்ததெல்லாம் ரத்தத்துக்குள்ளே. நீ எதையும் தவறவிடவில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் வயசு எனக்கில்லை. ராஜினாமாவைக் கொடுக்காதே. கொடுத்துவிட்டாயென்றால் போய்த் திரும்ப வாங்கு. பெரிய மனுஷன் மாதிரி பேசாதேடா என்று திட்டி நாலு பக்கம் எழுது. ஆனால் அந்த வார்டில் உட்கார்ந்து எழுது.

உன் அன்புத் தம்பி