பத்திரத்தின் பின்பக்கம்

1936 ஜூன் 14, ஞாயிறு, காலை பத்தேகால். பத்திரத்தில் வரவு வைத்தது இருபத்தாறு தவணை.

அண்ணே,

கடன் கொடுத்த சோணையாப் பிள்ளையிடம் நம் வீட்டு அடமானப் பத்திரத்தை இப்போதுதான் வாங்கிப் பார்த்தேன்.

மாதத் தவணை பத்து ரூபாய். என் பிட்டர் வேலைச் சம்பளத்தில் மேற்கொண்டு ஐந்து சேர்த்து, உன்னிடம் பதினைந்தாகத் தந்தேன். அசல் சீக்கிரம் குறைந்து வீடு மீளட்டும் என்றுதான். கட்டுகிறவரே பத்திரத்தின் பின்பக்கம் தொகையை எழுதிக் கையெழுத்துப் போடுவது வழக்கம். இருபத்தாறு இடத்திலும் உன் கையெழுத்து. எல்லாம் பத்துதான்.

“ஏந்தம்பி, இம்புட்டு நேரமா என்னத்தப் பாக்குற? எம்மேல சந்தேகமா?” என்றார் பிள்ளை.

“உங்க மேல இல்லய்யா” என்றேன். சொன்ன பிறகுதான் சுருக்கென்றது.

சித்திரைத் திருவிழாவில் அண்ணி கழுத்தில் இருந்த சங்கிலி தங்கமில்லை, கில்ட்டு என்றாய். நான் கேட்கவே இல்லையே?

இனி நான் செய்யப்போவது:

1. அடுத்த மாதம் முதல் பதினைந்தையும் நானே கட்டுவேன்.
2. வரும் ஞாயிறு உரைகல்லோடு கொட்டாம்பட்டிக்கு வருவேன்.
3. சங்கிலி கில்ட்டாக இருந்தால் உன் காலில் விழுவேன். எழுந்ததும், மிச்ச நூற்று முப்பது ரூபாய் எங்கே என்று கேட்பேன்.

உன் தம்பி