கை நனைக்காமல் போனவர்கள்

என் பிரியமுள்ள அண்ணே,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. சமஸ்தானமும் போயாச்சு, நம்ம புதுக்கோட்டை இப்போது திருச்சி ஜில்லாவில் சேர்த்தி. நீ இருந்தால், "ஊர் மாறலை, பேர்தானே மாறியிருக்கு?" என்று ஒரு வாரம் யோசித்திருப்பாய்.

போன வாரம் உன் மாணவர் ஒருவர் திருமயத்துக்கு என்னைத் தேடி வந்தார். காலேஜில் உன் இடத்தில் இப்போது அவர்தான் தத்துவம் நடத்துகிறாராம். அவர் சொன்ன சேதி என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

குளத்தூர்க்காரர்கள் என்னைப் பெண் பார்க்க வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பேச்சு முடிந்து, பந்தியில் இலைகூடப் போட்டாகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா சும்மா இருக்காமல் உன்னைக் கேட்டார்:

"தம்பி காலேஜ்ல என்ன பாடம் நடத்துறீக?"

"நல்லது கெட்டது பத்திங்க."

"பேஷ்! நீதி போதனையா?"

"இல்லீங்க. நல்லதுன்னு ஒண்ணு ஒலகத்துல நெசமாவே இருக்கா, நாமளா வச்சுக்கிட்டதான்னு ஆராயறதுங்க."

"என்ன முடிவு பண்ணிருக்கீக?"

"இன்னும் முடிவாகலீங்க."

நீதி போதனையா என்றதற்கு ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் உனக்கு? அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "பொண்ணோட அண்ணனுக்கே நல்லது கெட்டது தெரியலையாம். எந்திரிங்கப்பா!" சம்பந்தம் வேண்டாமென்றால் அந்த வீட்டில் கை நனைக்கக்கூடாதே. பாயசம்கூடத் தொடாமல் போனார்கள். ஆத்தா உன்னைத் திட்டித் தீர்த்தாள்.

நீ அடுப்படிக்கு வந்து நின்றாய். "என்னாலதான் கெட்டுச்சு தாயி. மன்னிச்சிரு."

"தப்புன்னு ஒண்ணு இருக்கான்னே ஒனக்கு முடிவாகலை. பெறகு எதை அண்ணே நான் மன்னிக்கிறது?" என்றேன். ஆத்தா தடுத்தும் கேட்காமல் நீ என்னை வாத்தியார் டிரெயினிங்கில் சேர்த்தது அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் என்று எனக்குத் தெரியும்.

மாணவர் சொன்னது இதுதான்: வருஷா வருஷம் முதல் வகுப்பில் நீ இந்தக் கதையைச் சொல்வாயாம். "எந்தங்கச்சி கேட்டதுக்கு இன்னும் பதில் தெரியலை" என்பாயாம். நீ எழுதியதெல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தானாம்.

அண்ணே, ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்கவே இல்லை. அவர்கள் தெருத் திரும்பியதும் இரண்டு தம்ளர் பாயசம் குடித்தேன். மன்னித்துவிட்டேன் என்றால் படிப்பு நின்றுவிடுமோ என்று முதலில் பயம். பிறகு சொல்ல வெட்கம். பிறகு நீயே இல்லை.

உன்னை வருஷக்கணக்காக வீணாய் வருந்தவிட்டேன். யாரும் அதைப் பார்க்கவில்லை, தப்பென்று சொல்லவில்லை. எனக்கே அப்போது அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் அது தப்புதான்; அன்றைக்கும் தப்புதான். உன் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். போதுமா?

காலேஜ் திறந்ததும் உன் வகுப்புக்கு வருவேன். முதல் நாள், பிள்ளைகள் முன்னால் நின்று, பாயசம் குடித்ததையும் சேர்த்துச் சொல்வேன்.

நீ மன்னிக்க வேண்டிய தங்கச்சி,
சிவகாமி