பெயரைக் கடைசியில் எழுதுவது

மார்ச் 9, ஞாயிறு

வேலியில் கடேனா டி அமோர் கொடி கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கிறது. பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் பறிக்க வேண்டும். ஈரத்தோடு அழுத்தினால் அந்த ரோஸ் நிறம் பழுப்பேறிவிடும். இன்று பழைய டெலிபோன் டைரக்டரியில் பதினாறு பக்கம் நிரப்பினேன். அக்டோபர் நான்காம் தேதி எங்கள் கல்யாண விருந்தில் தட்டுக்கு ஒரு நன்றி அட்டை. நூற்றிருபது தட்டு.

அம்மா எட்டிப் பார்த்தாள். "எல்லாம் ரோஸு, எல்லாம் லேஸு. மாப்பிள்ள கப்பல் இஞ்சின்ல வேல பாக்கறவருன்னு நெனப்பிருக்கட்டும்."

மாப்பிள்ளைக்குப் பிடிக்கும். நான் அனுப்பிய பிறந்தநாள் அட்டையை ரெனாதோ தன் படுக்கைக்கு மேல் ஒட்டியிருக்கிறான். "மக பண்ணதா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்களாம்.

ஏப்ரல் 2

நாற்பத்தொரு அட்டை முடிந்தது. மேலே பூவும் லேசும் 'நன்றி'யும் மட்டும். உள்ளே வெறுமை. அபாக்கா நார்த் தாள் மையைக் குடித்துவிடும், எழுதியதைச் சுரண்ட முடியாது. அதனால் பெயரைக் கடைசியில்தான் எழுதுவேன். கடைக்குச் செய்யும் வாழ்த்து அட்டைகளிலும் அதே வழக்கம்.

இருந்தாலும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பார்த்தேன்: அர்லின் – ரெனாதோ. அப்பா அர்தூரோ, அம்மா லிந்தா, அதனால் நான் அர்லின். எங்களுக்குப் பிறப்பது ரென்லின் என்று அவன் எட்டு வருடத்துக்கு முன்பே முடிவு கட்டிவிட்டான். முப்பத்து நாலு வயதில் பள்ளிக்கூடப் பெண் மாதிரி எழுதிப் பார்த்துக்கொண்டு – வெட்கமாக இருக்கிறது. தாளைக் கிழிக்கவில்லை.

ஜூன் 14, சனி

ஜோய்லின் கர்ப்பம். என் தங்கை. இருபத்திரண்டு வயது. அவளோடு பழகும் ஜெரிக்தான் தகப்பன். அம்மா மீன் வறுத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். அம்மா அடுப்பை அணைத்தாள். திட்டவில்லை. நேராகப் போய்க் காலண்டரைப் பார்த்தாள்.

"ஒரே வீட்ல ஒரே வருஷத்துல ரெண்டு கல்யாணமா? சுகோப்! ஒண்ணு இன்னொண்ண முழுங்கிரும். போன வருஷம் அப்பா செத்தாருன்னு ஒன்னோடதத் தள்ளி வச்சது எதுக்காம்?" என்று என்னிடம் கேட்டாள்.

"அக்கா கல்யாணம் நடக்கட்டும்மா. நான் அடுத்த வருஷம் பண்ணிக்கறேன்."

"கைல புள்ளையோட சர்ச்சுக்குப் போவியா? அதுவரைக்கும் அந்தப் பய நிப்பானா?"

நான்தான் வாயைத் திறந்தேன். "அவ மொதல்ல பண்ணட்டும். நாங்க அடுத்த வருஷம் பாத்துக்கறோம்." யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானே சொன்னேன். அம்மா முகம் தெளிந்துவிட்டது.

அக்டோபரை விட்டால் ரெனாதோ அடுத்த விடுமுறைக்கு வர இன்னும் ஒரு முழு வருடம் ஆகும். நாளை ஃபோனில் சொல்ல வேண்டும். புரிந்துகொள்வான்.

ஜூன் 15

சொல்லவில்லை. சிக்னல் சரியில்லை.

பொய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

ஜெரிக் வீட்டார் முழுப் பன்றி வறுத்து எடுத்துக்கொண்டு பெண் கேட்டு வந்தார்கள். ஜூலை 27 என்று முடிவாயிற்று. அவன் அம்மா என் மேசைக்கு வந்து அட்டைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"அடியாத்தி, எவ்வளவு பதவிசா இருக்கு! உள்ள பேரு எழுதலியே? இதையே வச்சிரலாமே!"

அம்மா என்னைப் பார்த்தாள். ஜோய்லின் தரையைப் பார்த்தாள். நான் சிரித்து வைத்தேன். அவ்வளவுதான், நூற்றிருபது அட்டையும் ஜோய்லின் கல்யாணத்துக்குப் போயின.

ஜூன் 29, ஞாயிறு

ரெனாதோவிடம் வீடியோவில் சொல்லிவிட்டேன்.

"எப்ப முடிவாச்சு?"

"பதினாலாந்தேதி."

"பதினஞ்சு நாளு." விரல் விட்டு எண்ணினான். "அந்தத் தேதில பாதி என்னோடது இல்லியா, அர்லின்? எடுத்துக் குடுக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

சுகோப் இருக்கும்போது நான் என்ன செய்வேன் என்றேன்.

"சுகோப்ப நான் குத்தஞ் சொல்லல. எங்கம்மாவும் அதத்தான் சொல்லுவாங்க. போன வருஷம் ஒங்கப்பாவுக்காகத் தள்ளி வச்சோம், வாயத் தொறந்தேனா? இப்பவும் கேட்டிருந்தா சரின்னிருப்பேன். நீ கேக்கல."

ஜூலை 6, ஞாயிறு

அவனே கூப்பிட்டான்.

"நான் இன்னும் ஒரு வருஷம் இருப்பேன். ஆனா அப்பவும் ஒங்க வீட்ல ஏதாவது வரும். நீ மொதல்ல என்னத்தான் எடுத்துக் குடுப்ப. என்னால முடியல, அர்லின்."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னான். முடிஞ்சு போச்சு. ஐயோ, முடிஞ்சே போச்சு. யார்கிட்ட போய்ச் சொல்றது? வீடு முழுக்கக் கல்யாண வேலை. பின்னால் நின்று ஜோய்லின் கவுன் ஊசிகளை எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலை 9

இன்று அட்டைகளில் பெயர் எழுத உட்கார்ந்தேன். ஜோய்லின் – ஜெரிக். பேனா தாளில் இறங்கவில்லை. பூ இன்னும் காயவில்லை, அடுத்த வாரம் எழுதுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். மார்ச் மாதம் பறித்த பூ!

ஜோய்லின் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். "நீ எனக்குப் பண்ணத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேங்க்கா." போய்ச் சாப்பிடு என்று விரட்டினேன்.

ஜூலை 19, சனி

குழந்தை இல்லை.

விடிந்ததும் ரத்தம். ஆஸ்பத்திரி. மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஜெரிக் வந்தான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலோடு நின்றான், போய்விட்டான்.

ஜூலை 23

ஜெரிக்கின் அம்மா கஞ்சி கொண்டுவந்தார். "இனி அவசரமில்லையே. சின்னஞ்சிறுசுக, நிதானமா யோசிக்கட்டும்." ஜெரிக் மணிலாவுக்கு வேலை தேடிப் போய்விட்டானாம். ஜோய்லினுக்கு ஒரு மெசேஜ் வந்திருந்தது. அவள் அதை எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜூலை 24

அம்மா சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"வருத்தந்தான், இல்லேங்கல. ஆனா பாரு, இப்ப வருஷம் காலியாத்தான இருக்கு? அக்டோபர் நாலு ஒனக்கே திரும்பிருச்சு. மாப்பிள்ளைக்கு ஃபோனப் போடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. அப்புறம் அது சிரிப்பாக இல்லை. மூன்று வாரமாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கொட்டிவிட்டேன். அம்மா கரண்டியோடு தரையில் உட்கார்ந்தாள். "எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

அவனும் அதைத்தானே கேட்டான்.

ஆகஸ்ட் 11

தலைமை ஆசிரியைக்கு, பேச்சு வார்த்தை இல்லாத மாமியாருக்கு, ஓடிப்போய்த் திரும்பி வந்த புருஷனுக்கு – எத்தனை அட்டைக்கு வாசகம் எழுதியிருக்கிறேன்! எனக்கு என்று ஒன்றும் வரவில்லை. கடைசியில் லேஸ் இல்லாமல், பூ இல்லாமல், புதுத் தாளில்: "கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மன்னித்துவிடு." தபாலில் போட்டேன்.

செப்டம்பர் 18

பதில் வந்தது. "அட்ட கெடச்சுது. நல்லா இரு, அர்லின்." ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டானாம், இந்த வருடம் ஊருக்கு வரவில்லை.

நல்லா இரு. அவ்வளவுதானா?

அக்டோபர் 4, சனி

மழை. பிறந்தநாள் அட்டை ஆறு முடித்தேன்.

நவம்பர் 1, சனி

நேற்று ஜோய்லின் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். ஜூலைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"அந்த அட்டைல ஒண்ணு தரியாக்கா? பேரு எழுதணும்."

"யாரு பேரு?"

"அதுக்கு. ஆணா பொண்ணான்னு கூடத் தெரியல. ரெண்டுக்கும் ஒத்து வர்ற மாதிரி வச்சிருக்கேன். அர்ஜோய்." நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "அவன் பேர்ல எதையும் எடுக்கல. பாதி நீ, பாதி நான்" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். மை இறங்கிவிட்டது, இனி அழியாது.

இன்று எல்லோரும் கல்லறைக்குப் போனோம். அப்பாவின் சமாதிமேல் அட்டையை வைத்து, பறக்காமலிருக்க ஜோய்லின் ஒரு கூழாங்கல்லைத் தூக்கி வைத்தாள். அம்மா குனிந்து படித்தாள். அப்பாவுக்கென்று கொண்டுவந்திருந்த மெழுகுவர்த்தியை இரண்டாக ஒடித்து இரண்டையும் ஏற்றினாள்.

மீதி நூற்றுப்பத்தொன்பது அட்டையும் திங்கட்கிழமை கடைக்குப் போகின்றன. வாங்குகிறவர்கள் அவரவர் பெயரை எழுதிக்கொள்ளட்டும்.