கொழுப்பில்லாத இறைச்சி

வில்
9 செப்டெம்பர் 1996

அன்புள்ள மக்டலினுக்கு,

நீரும் பிள்ளையும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை சூரிச் ஸ்டேஷனில் நீர் றோஷினியைக் கையளிக்கிறீர், நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். அந்த ஐந்து நிமிடமும் இரண்டு பேருக்கும் வாய் திறக்க வருவதில்லை. தொலைபேசியில் கதைத்தால் சண்டையில் முடிகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கோர்ட், பிரிவு பற்றி இதில் ஒன்றும் இல்லை. பயப்படாமல் வாசியும்.

விஷயம் சாப்பாடுதான். பிள்ளை வரும்போதெல்லாம் பேர்சி அண்ணை வீட்டிலிருந்து மாட்டிறைச்சிக் கறி வாங்கிவந்து சூடாக்கிக் கொடுப்பேன். முந்தாநாள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியை வைத்துவிட்டாள்.

"உறைக்குதோ?" என்று கேட்டேன்.

"இல்லை அப்பா, எண்ணெய் மிதக்குது. அம்மா வான்கோழி இறைச்சியிலை பாண் மாதிரி ஒண்டு சுட்டு, வெட்டித் தருவா. அது உங்களுக்குச் செய்யத் தெரியாதோ?"

தெரியாது என்றேன். பாணும் சீஸும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

அவள் சொன்னது எது என்று எனக்கு விளங்கியது. அதை உம்மிடம் கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன். பிள்ளைக்காக எழுதி அனுப்பும்.

இப்படிக்கு,
ஜெபநேசன்

*

நொஷாட்டல்
17 செப்டெம்பர் 1996

றோஷினியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

அரைத்த வான்கோழி இறைச்சி அறுநூறு கிராம். உங்கள் பக்கத்துக் கடைகளில் ஜேர்மன் மொழியில் 'ட்ரூட்டே' என்று எழுதியிருக்கும். முதல்நாள் பாண் இரண்டு துண்டு, கரை வெட்டிப் பாலில் ஊறவைத்துப் பிழியவும். வெங்காயம் ஒன்று, உள்ளி நான்கு பல், லீக்ஸின் வெள்ளைப் பக்கம் பாதி, சின்னதாக அரிந்து ஒரு கரண்டி எண்ணெயில் வதக்கி ஆறவிடவும். கரட் ஒன்று, சுக்கினி ஒன்று துருவவும். முட்டை ஒன்று. கடுகு பேஸ்ட் ஒரு கரண்டி. மிளகும் பெருஞ்சீரகமும் வறுத்து இடித்தது, உப்பு.

எல்லாம் கலந்து நீளமாகப் பிடித்து, ஓவனில் நூற்றெண்பது பாகையில் ஐம்பது நிமிடம்.

பிள்ளைக்குக் குளிர்ச் சப்பாத்து சின்னதாகிவிட்டது. அடுத்தமுறை வரும்போது பார்த்து வாங்கிக் கொடுங்கள்.

மக்டலின்

*

வில்
7 ஒக்டோபர் 1996

அன்புள்ள மக்டலினுக்கு,

சப்பாத்து வாங்கிவிட்டேன், முப்பத்தைந்தாம் அளவு. நீலம்தான் வேண்டும் என்று நின்று வாங்கினாள்.

மற்ற விஷயம் சரிவரவில்லை. வெளியே எடுத்தபோது நடுவில் நீளத்துக்கு வெடித்திருந்தது. வெட்டினால் தூள், மென்றால் ரப்பர். றோஷினி ஒரு துண்டு முழுவதும் கெச்சப்பில் தோய்த்துச் சாப்பிட்டாள். பிறகு, "பரவாயில்லை அப்பா, பள்ளிக்கூடத்திலை இதைவிட மோசமாய்த் தருவினம்" என்றாள். என்மேல் இரங்கித்தான் சாப்பிட்டாள் என்பது அவளுடைய முகத்தில் தெரிந்தது. பத்து வயதுப் பிள்ளை தகப்பனுக்காக இரங்குவதைப் பார்க்கக் கஷ்டமாயிருந்தது.

எங்கே பிழை விட்டேன்? மறைக்காமல் சொல்லுகிறேன்: இறைச்சிக்குள் மரக்கறி எதற்கு என்று சுக்கினியையும் கரட்டையும் விட்டுவிட்டேன். ரொட்டிக்குக் குழைப்பது போல நன்றாக அடித்துக் குழைத்தேன். எடுத்த சூட்டோடு வெட்டினேன்.

நேரமிருந்தால் எழுதும்.

ஜெபநேசன்

*

நொஷாட்டல்
15 ஒக்டோபர் 1996

அன்புள்ள றோஷினியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலையிடத்தில் இடைவேளையில் வாசித்தேன். ரொட்டி மாதிரிக் குழைத்தேன் என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் என்ன என்று கேட்டாள், சொல்லவில்லை.

மாட்டிறைச்சியோ பன்றியோ என்றால் அதற்குள் இருக்கிற கொழுப்பு உருகி அதுவே ஈரமாக வைத்திருக்கும். வான்கோழியில் அது இல்லை. ஈரத்தை நாங்கள்தான் கொடுக்கவேண்டும். அதற்குத்தான் சுக்கினியும் பாலில் ஊறின பாணும். விடவேண்டாம். குழைக்கவும் கூடாது. விரல் நுனியால் பிரட்டி, சேர்ந்தவுடன் கையை எடுத்துவிடுங்கள். அடிக்க அடிக்க இறுகும். கையை நனைத்துக்கொண்டு பிடித்தால் ஒட்டாது, வெடிக்காது. மேலே தக்காளிப் பேஸ்டில் கொஞ்சம் வினாகிரியும் மிளகும் கலந்து பூசுங்கள். எடுத்து மூடிப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு வெட்டினால் சாறு உள்ளேயே நிற்கும். நாங்கள் சாப்பிடுவதென்றால் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் அரிந்து போடலாம். பிள்ளைக்கு வேண்டாம்.

நான் இதை எங்கே பழகினேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. வில் நகரத்து முதியோர் இல்லச் சமையலறையில் நான் வேலை செய்தபோது, அங்கே கூட வேலை செய்த ஃப்ராவ் கெல்லர் வயதானவர்களுக்கு இதைச் செய்வா. அதற்கு உறைப்பு வாசம் ஒன்றும் இராது. தொண்ணூற்றைந்து தை மாதம் உங்கள் இரத்தப் பரிசோதனை வந்தது நினைவிருக்கும். இரண்டு வருடத்தில் நெஞ்சுக்குள் பிடிக்கும், கொழுப்பைக் குறையுங்கள் என்று டொக்டர் சொன்னார். அன்றைக்குத்தான் ஃப்ராவ் கெல்லரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். உங்கள் நாக்குக்கு ஏற்றமாதிரி வரும்வரை நான்குதரம் செய்து பார்த்தேன். அந்த நான்கையும் நானும் றோஷினியும் சாப்பிட்டோம். சரியாக வந்த ஐந்தாவதைத்தான் அந்த விருந்து மேசைக்குக் கொண்டுவந்தேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

மக்டலின்

*

வில்
4 நவம்பர் 1996

என் அன்புள்ள மக்டலினுக்கு,

சனிக்கிழமை சரியாக வந்தது. வெட்டும்போது துண்டு துண்டாக நின்றது. றோஷினி இரண்டு துண்டு சாப்பிட்டாள், அடுத்த நாள் காலையில் பாணுக்குள் வைத்து இன்னொன்று சாப்பிட்டாள். நான் நின்றுகொண்டே மூன்று துண்டு சாப்பிட்டேன்.

சாப்பிட்டபிறகுதான் மனம் குழம்பியது. நீர் செய்தபோது இவ்வளவு நல்ல சாப்பாட்டை நான் ஒருதரமும் வாயில் வைக்கவில்லை.

இவ்வளவு நாளும் எழுதப் பயந்ததை எழுதுகிறேன். பேர்சி அண்ணையின் மகன் முதன்முதல் நற்கருணை வாங்கிய அந்தப் புதுநன்மை விருந்து. நீர் அந்தத் தட்டைக் கொண்டுவந்து ஆட்டுக்கறிக்கும் மாட்டிறைச்சிப் பொரியலுக்கும் நடுவில் வைத்தீர். அண்ணை முள்ளுக்கரண்டியால் குத்திப் பார்த்து, "என்ன மக்டலின், நாய்க்குத் தகரத்திலை வாற சாமான் மாதிரிக் கிடக்கு" என்றார். முப்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல், "ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை விருந்துக்கும் கொண்டுவந்திட்டாள்" என்று சொல்லி, தட்டை எடுத்துக் குப்பைக்குள் கொட்டினேன். அண்ணையைச் சிரிக்கவைக்கத்தான் செய்தேன்.

என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு, தங்க இடம் தந்து, ஃபாப்ரிக்கில் வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அவர். அவருக்கு முன்னால் எனக்கு இன்றுவரை முதுகெலும்பு நிமிர்ந்ததில்லை. இது காரணம்தான், சாட்டு இல்லை.

என்னை மன்னியும். நத்தாருக்கு இரண்டு நாள் இங்கே வந்து நில்லும். பிள்ளையின் அறையில் நீரும் அவளும் படுக்கலாம். நான் சமைக்கிறேன்.

உம்முடைய
ஜெபநேசன்

*

நொஷாட்டல்
18 நவம்பர் 1996

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டு கிழமையாக எழுதிக் கிழித்து எழுதுகிறேன்.

குப்பைக்குள் கொட்டியதைக்கூட நான் மறந்திருப்பேன். கோபத்தில் சட்டி எறிகிற ஆம்பிளைகளை ஊரிலும் கண்டிருக்கிறேன், இங்கும் கண்டிருக்கிறேன். நீங்கள் கோபத்தில் செய்யவில்லை. சிரித்துக்கொண்டு செய்தீர்கள். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் நான் அழுதபோது, "அண்ணை பகிடிக்குச் சொன்னவர், நீர் ஏன் பெரிசுபடுத்திறீர்?" என்றீர்கள். இனி இந்த வீட்டில் எனக்கென்று ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனி மாதம் வெளிக்கிட்டேன்.

அதற்குப் பிறகு பேர்சி அண்ணையும் அவருடைய மனிசி யூஜினி அக்காவும் ஊரெல்லாம் என்ன சொன்னார்கள் என்பது எனக்கும் வந்துசேர்ந்தது. வேலைக்குப் போய்த் தலைக்கனம், கொழுப்பு, இங்கே வேறு ஆள் இருக்கு என்றுகூட. நீங்கள் அதையும் மறுக்கவில்லை.

இருந்தாலும் வருகிறேன். இருபத்துநான்காம் தேதி மத்தியானம் றோஷினியோடு வருகிறேன். நத்தார் முடிந்தும் நிற்கலாமா என்று என் மனம் கேட்கிறது. அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

ஒரேயொரு விஷயம். நான் வரமுன்னர், நான் ஏன் போனேன் என்பதைப் பேர்சி அண்ணையிடம் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். பிழை உங்களுடையது என்று. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அன்புடன்
மக்டலின்

*

வில்
2 டிசம்பர் 1996

என் அன்புள்ள மக்டலினுக்கு,

உம்முடைய கடிதத்தை எத்தனைதரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டேன். திரைச்சீலை புதிதாகப் போட்டிருக்கிறேன்.

நீர் சொன்னபடி அண்ணையிடம் கதைத்துவிட்டேன். எல்லாம் நல்லபடி. அவருக்கும் சந்தோசம். நீர் ஒன்றும் யோசிக்காமல் வாரும்.

நத்தாருக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறைச்சி வாங்க நினைக்கிறேன். பாணும் முட்டையும் எவ்வளவு கூட்டவேண்டும்?

உம்முடைய
ஜெபநேசன்

*

நொஷாட்டல்
19 டிசம்பர் 1996

றோஷினியின் அப்பாவுக்கு,

நேற்று வேலை முடிந்து வந்து சப்பாத்துக் கழற்றமுன்னர் தொலைபேசி அடித்தது. யூஜினி அக்கா. ஒன்றரை வருடத்தில் முதல்தரம்.

"புத்தி வந்து திரும்பி வாறியாம், எங்களுக்குச் சந்தோசம். தம்பி பாவம், நீ செய்ததையெல்லாம் மறந்து உன்னை ஏற்கிறன் எண்டு இவரிட்டைச் சொன்னவர். இனியாவது கொழுப்பை அடக்கி ஒழுங்காய் இரு" என்றா.

நான், "அவர் அப்பிடியோ சொன்னவர்?" என்று கேட்டேன்.

"ஓம், இந்த மேசையிலை இருந்துதான் சொன்னவர். நானும் நிண்டனான்."

அக்காவுக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அவவில் எனக்குக் கோபமில்லை. அவவுக்குச் சொல்லப்பட்டதை அவ சொன்னா.

சொல்ல முடியவில்லை, பயமாயிருக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் வந்திருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொல்லியிருப்போம். சொல்லிவிட்டேன் என்று எனக்கு எழுதிவிட்டு, அங்கே போய் என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

நான் வரவில்லை. இருபத்தாறாம் தேதி காலை பத்து மணிக்குப் பிள்ளையைச் சூரிச்சுக்குக் கொண்டுவருகிறேன். அம்மாவுக்கு வேலை என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

ஒரு கிலோ இறைச்சிக்கு முட்டை இரண்டு, பாண் மூன்று துண்டு போதும்.

மக்டலின்

*

வில்
13 ஜனவரி 1997

மக்டலினுக்கு,

சூரிச்சில் நீர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டிசம்பரில் நடந்ததைச் சொல்லுகிறேன். நான் அண்ணை வீட்டுக்குச் சொல்லத்தான் போனேன். "மக்டலின் நத்தாருக்கு வாறா" என்று தொடங்கினேன். அவர் எழுந்து என் தோளைத் தட்டி, "உனக்குப் பெரிய மனசடா, மன்னிச்சிட்டாய்" என்றார். நான் ஓம் என்றேன். அந்த ஒரு ஓமுக்குப் பிறகு என்னால் திரும்பி வர முடியவில்லை.

ஐந்தாம் தேதி ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தோம். அண்ணை வழக்கம்போல எல்லாருக்கும் கேட்க, "என்ன, உன்ரை மனிசி கடைசியிலை ஏமாத்திப்போட்டாள் போல?" என்றார்.

நான் கதிரையைக் கீழே வைத்துவிட்டு, "இல்லை அண்ணை. நான்தான் ஏமாத்தினனான்" என்றேன்.

"என்னடா சொல்லிறாய்?"

"புதுநன்மை அண்டைக்கு நீங்கள் அவளைப் பகிடி பண்ணினியள். நான் சிரிச்சு, அவள் எனக்காகச் செய்ததை எல்லாருக்கும் முன்னாலை கொட்டினன். அதாலைதான் அவள் போனவள். தலைக்கனமும் இல்லை, வேறை ஆளும் இல்லை. நீங்கள் கதைச்ச கதை முழுக்கப் பொய். பொய் எண்டு தெரிஞ்சும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தனான்."

"ஒரு சாப்பாட்டுக்கோ இவ்வளவும்?"

"சாப்பாட்டுக்கு இல்லை. நான் சிரிச்சதுக்கு."

பூசை வைத்த சுவாமி கேட்டுக்கொண்டு நின்றார். தில்லைநாதன் குடும்பம் நின்றது. யூஜினி அக்கா ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தா. அண்ணை மிச்சக் கதிரைகளை அடுக்கி முடித்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். வேறு நாளென்றால் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். நான் நடந்து வந்தேன். கிழமை ஒன்று ஆகிறது, இன்னும் தொலைபேசி எடுக்கவில்லை.

இதைச் செய்தேன் என்பதற்காக நீர் திரும்பி வரவேண்டும் என்று கேட்கவில்லை. பிந்திப்போய்ச் சொன்னது எனக்குத் தெரியும். உம்முடைய பெயர் இந்த ஊரில் சுத்தமாயிருக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஜெபநேசன்

*

நொஷாட்டல்
27 ஜனவரி 1997

அன்புள்ள றோஷினியின் அப்பாவுக்கு,

நீங்கள் எழுதமுன்னரே யூஜினி அக்கா தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டா. "நானும் அண்டைக்குச் சிரிச்சனான் மக்டலின்" என்றா. பிறகு அழுதா. நீங்கள் மண்டபத்தில் சொல்லாமல் இருந்திருந்தால் அவவும் இதைச் சொல்லியிருக்கமாட்டா. நன்றி.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, எனக்கு இப்போது என்ன தோன்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோபத்தைத் தேடினேன், இல்லை. ஒன்றரை வருடமும் அது என்னோடு இருந்தது. கோபம் இருந்தவரை நீங்கள் வந்து ஏதாவது சொல்லமாட்டீர்களா என்று காத்திருந்தேன் போல. இப்போது சொல்லிவிட்டீர்கள். இனி நான் எதற்கும் காத்திருக்கவில்லை என்பதும் தெரிகிறது. இங்கே வேலை நிரந்தரமாகிவிட்டது. பிரெஞ்சு ஓரளவு வருகிறது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் மனம் அமைதியாயிருக்கிறது. அதைவிட்டு வர எனக்கு விருப்பமில்லை. உங்களைத் தண்டிப்பதற்காக இதைச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்லுகிறேன்.

அந்த விருந்து மண்டபத்திலேயே இதைச் சொல்லியிருந்தால், நாங்கள் மூன்று பேரும் இன்றைக்கு ஒரு வீட்டில் இருந்திருப்போம். இனி இதை நான் எழுதமாட்டேன். நீங்களும் யோசித்து உடம்பைக் கெடுக்காதீர்கள். இரத்தப் பரிசோதனைக்குத் திரும்பவும் போங்கள்.

இவ்வளவு நாளும் பிள்ளையை ஒரு இரவுக்கு மேல் உங்களிடம் விட எனக்கு மனம் வரவில்லை. அங்கே யாராவது என்னைப் பற்றி ஏதாவது சொன்னால், நீங்கள் கேட்டுக்கொண்டு இருப்பீர்கள் என்று பயம். பெப்ரவரி கடைசியில் பள்ளிக்கூடம் ஒரு கிழமை விடுமுறை. அந்தக் கிழமை முழுவதும் உங்களோடு நிற்கட்டும்.

செவ்வாயும் வெள்ளியும் தலைக்கு வார்க்கவேண்டும். இருட்டில் படுக்கப் பயப்படுவாள், கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்கள்.

மக்டலின்