சிவப்பு எண்ணுக்கு முன்னால் ஒரு புள்ளி

அக்கா,

இன்று ஒன்றாம் தேதி. நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மீட்டர் பார்க்கப் போனேன். நீ இருந்த நாலாம் ரூம் மீட்டரில் கடைசிக் கட்டத்துச் சிவப்பு எண் மெதுவாக உருண்டுகொண்டிருந்தது. பாதி ஏழு, பாதி எட்டு. உள்ளே யாரோ ஃபேன் போட்டிருந்தார்கள். அந்தச் சிவப்பைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நான்கு ரூம். ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகிற பெண்கள்தான் எப்போதும் வாடகைக்கு இருப்பார்கள். வீட்டுக்கு முன்னால் ஈபி மீட்டர் ஒன்று. ஒவ்வொரு ரூமுக்கும் அப்பா தனியாக மாட்டிய சின்ன மீட்டர் ஒன்று. ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் போர்டுக்குக் கூப்பிட்டபோது சாக்பீஸைப் பிடித்தபடி ஒரு பீரியட் முழுக்க ஊமையாக நின்றேன். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. சும்மா இருக்கிறாளே என்று மாதம் ஒருமுறை மீட்டர் எண்ணை எழுதும் வேலையை அப்பா எனக்குக் கொடுத்தார். யாரோடும் பேச வேண்டாம், எழுதினால் போதும். எனக்குப் பிடித்திருந்தது.

நீதான் என்னைப் பேச வைக்கப் பார்த்தாய். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து நாள் முழுக்கக் காருக்கு வயர் கட்டுகிற லைனில் நிற்பாய். ஷிப்ட் முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் என்னைச் சீண்டுவாய்.

"ஏட்டி, உங்கப்பா உன் வாய்க்கும் மீட்டர் மாட்டிருக்காரா? இவ்ளோ சிக்கனமா பேசுத!"

காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் உன் மெஷின் ஓடும். ஆஸ்துமாவுக்கு மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசர். என் அறைக்கும் உன் ரூமுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தச் சத்தத்தில்தான் நான் எழுந்திருப்பேன். முடிந்ததும் முகமூடியைக் கழற்றிவிட்டு, "கிக் அடிச்சாச்சு, வண்டி ஸ்டார்ட் ஆயிட்டுட்டி" என்பாய்.

அப்புறம் உன் ரூம் மீட்டர் புகைந்து போனது. அப்பா புதிது வாங்கி மாட்டினார். பழைய மீட்டர்களில் எல்லாக் கட்டமும் கறுப்பு. இதில் கடைசிக் கட்டம் மட்டும் சிவப்பு. அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மாதம் முடிந்ததும் கறுப்பையும் சிவப்பையும் சேர்த்து 468 என்று எழுதிக் கொடுத்தேன். மற்ற ரூம்களில் நாற்பது, நாற்பத்தைந்து.

அப்பா நோட்டோடு வந்து உன் வாசலில் நின்றார்.

"இன்னாம்மா இது, உங்க ரூமு மட்டும் இப்டி ஏறிக்கீது? மாவு மில்லு கணக்கா ஒண்ணு கத்தினு கீதே, அத்த நிறுத்து. இல்லாங்காட்டி ரூம காலி பண்ணு."

"பத்து நிமிசந்தாண்ணே ஓடுது. அது இல்லாட்டி எனக்கு மூச்சு..."

"கரண்ட்ட குடிக்காமயா அவ்ளோ சத்தம் போடுது?"

உன்னோடு இருந்த இரண்டு பேரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். "உன்னாலதான் எங்களுக்கும் ஏறுது" என்றார்கள். சத்தம் போட்டால் கரண்ட் குடிக்கும், இதுதான் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தினமும் எங்கள் குளியலறை பக்கெட்டில் அப்பா போடுகிற ஹீட்டர் ராடு சத்தமே போடாது. அதனால் அது யோக்கியம்.

நீ மெஷினைத் துடைத்து, பெட்டியில் வைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாய். பையில் வைத்திருந்த, வாயில் அடிக்கிற சின்ன ஸ்பிரேயால் சமாளித்தாய். அதையும் எண்ணி எண்ணித்தான் அடித்தாய்.

அடுத்த மாதம் எழுதினேன். 427 யூனிட் ஓடியிருந்தது.

"திருட்டுத்தனமா போடறா" என்றார் அப்பா. உன் ரூம் பெண்களும் உன்னைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய்.

எனக்குத் தெரியும் அக்கா. அந்த மாதம் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே வரவில்லை. சுவரில் காது வைத்தவள் மாதிரி நான்தான் இருந்தேன். மெஷினை நிறுத்தியும் யூனிட் குறையவில்லை என்றால் தப்பு வேறு எங்கோ இருக்கிறது. அதற்குப் பத்தாம் வகுப்புப் படிக்க வேண்டுமா? "அவங்க போடலப்பா" என்று மூன்று வார்த்தை கூட வேண்டாம், இரண்டே வார்த்தை. போர்டுக்கு முன்னால் நின்ற மாதிரியே நின்றேன்.

நான்காம் நாள் காலையில் பனி. வாலாஜாபாத் ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்ற இடத்திலேயே உனக்கு மூச்சு இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது என்று மற்ற பெண்கள் வந்து சொன்னார்கள். உன் அண்ணன் பையை எடுத்துக்கொண்டு போனார். மெஷினை மட்டும் எடுக்கவில்லை. "இதப் பாத்தா அம்மா தாங்க மாட்டா" என்றார்.

அடுத்த வாரம் ஈபிக்காரர் வந்தார். முன்னாலிருக்கும் மீட்டரைப் பார்த்துவிட்டு என் நோட்டைத் தற்செயலாகப் புரட்டினார். சிரித்தார்.

"இன்னாம்மா, தாய் மீட்டர்ல ரெண்டு மாசத்துக்கு ஐநூத்திச் சொச்சம்தான் ஓடிக்கீது. இந்தக் குட்டி மீட்டர் மட்டும் எண்ணூத்திச் சொச்சம் எப்டி ஓடும்?" பின்னால் போய்ப் பார்த்தார். "அட, செவப்பு நம்பர் புள்ளிக்கு அப்பால வர்றதும்மா. நீ எழுதினு கீறது நானூத்தி அறுவத்தெட்டு இல்ல. நாப்பத்தாறு புள்ளி எட்டு."

அன்று வாய் திறந்தேன். மெஷினைக் கொண்டுவந்து அடியில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினேன். 120 வாட். "இது ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் ஓடினா எவ்ளோண்ணா?"

"வாட்ட மணி நேரத்தால பெருக்கு. ஆயிரத்தால வகு. அதான் யூனிட்டு."

இருபது நிமிஷம் என்றால் மணியில் மூன்றில் ஒன்று. நூற்றிருபதில் மூன்றில் ஒன்று நாற்பது. ஆயிரத்தில் எத்தனை நாற்பது? இருபத்தைந்து. இருபத்தைந்து நாள் நீ மூச்சு விட்டால் ஒரு யூனிட். எங்கள் ராடு ஆயிரத்தைந்நூறு வாட். அப்பாவின் இரண்டு பக்கெட் வெந்நீருக்கு நாற்பது நிமிஷம், அதுவும் ஒரு யூனிட். ஒரு மனுஷன் ஒரு நாள் காலையில் குளிப்பதும் உன் இருபத்தைந்து நாளும் ஒன்று!

கூடுதலாக வாங்கியதை அப்பா உன் ரூம் பெண்களிடம் திருப்பிக் கொடுத்தார். "கணக்குல ஒரு சின்ன தப்பு" என்றார். என்னிடம், "வெளிய சொல்லாத" என்றார். சொல்லவில்லை. எட்டு மாதம் சொல்லவில்லை.

இன்று நாலாம் ரூமுக்குப் புதிதாக வந்த பெண் என்னிடம், "அக்கா, ரைஸ் குக்கர் வெச்சுக்கலாமா?" என்று கேட்டாள். பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பா அங்கிருந்தே குரல் கொடுத்தார். "மெஷினு கிஷினு வேணாம்மா. முன்ன ஒரு பொண்ணு அப்டிதான் மெஷின் வெச்சினு கரண்ட்ட இழுத்துட்டா."

இன்னுமா? செத்த பிறகுமா உன் கணக்கில் எழுதுவார்?

"பொய் சொல்லாதப்பா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. "அவங்க போடவே இல்ல. எனக்குத் தெரியும். நான்தான் புள்ளிய வுட்டுட்டேன். பத்து மடங்கு எழுதிட்டேன். நீ அவங்கள மெஷின எடுத்து வெக்க வெச்ச. அவங்க செத்துட்டாங்க."

நான்கு ரூம் கதவும் திறந்தன. அப்பா வாயில் நுரையோடு அப்படியே நின்றார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. என் மேலும் வரவில்லை.

குக்கர் கேட்ட பெண்ணைக் கையைப் பிடித்து மீட்டருக்கு இழுத்துப் போனேன். "கறுப்பு நாலும் யூனிட்டு. செவப்பு பத்துல ஒரு பங்கு. மாசாமாசம் நீயும் வந்து பாரு. நான் எழுதறத நம்பாத." அவள் மிரண்டு போய்த் தலையாட்டினாள்.

மீட்டர் மாட்டாத வாய் எனக்கு இன்றுதான் கிடைத்தது அக்கா. நீ இல்லை.

உன் மெஷின் என் அலமாரியில் இருக்கிறது. ஒன்றாம் தேதி வந்தால் கறுப்பு எண்களை எழுதுகிறேன், புள்ளி வைக்கிறேன், பிறகு சிவப்பை எழுதுகிறேன். புள்ளியை அழுத்தி வைக்கிறேன். நோட்டில் அடுத்த பக்கமும் கிழிகிறது.