நீங்கள் மறைத்த சனிக்கிழமைகள்

என் இஞ்சருங்கோவுக்கு,

முப்பது வருஷம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். இன்றைக்காவது பெயரை எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. ஊருக்கு நீங்கள் சரித்திர மாஸ்டர். எனக்கு இஞ்சருங்கோதான்.

நீங்கள் போய் நாலு மாதம். படலையை யாராவது தட்டினால் இன்னும் "அவர் இல்லை" என்று சொல்ல வாயெடுக்கிறேன். பிறகுதான் அந்தச் சொல் எனக்கே உறைக்கிறது. போன கிழமை திரியாயிலிருந்து ஒருவர் தன் பூட்டனின் பெயர் தேடி வந்தார். அலுமாரியைத் திறந்து உங்கள் கொப்பிகளைப் புரட்டி எடுத்துக் கொடுத்தேன். உங்கள் கோழிக்கிறுக்கல் எழுத்தை வாசிக்க இனி நான் ஒருத்திதான் மிச்சம்.

சுதந்திரம் கிடைத்த அடுத்த வருஷம் படிப்பிக்கத் தொடங்கினீர்கள். பாட்டனின் தகப்பன் பெயரைக் கேட்டுக்கொண்டு வரச்சொன்னால் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை என்று மனம் வெந்து வந்தீர்கள். அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் எனக்கு இல்லாமல் போயின. ஊரார் பரம்பரை எழுதவென்று குடையும் கொப்பியுமாகக் குடாவைக் கடக்கும் லோஞ்சில் மூதூருக்கு, இல்லாவிட்டால் பஸ்ஸில் வேறெங்காவது. வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது, வேலை இழந்து ரயில் ஏறியவர்களிடம்கூட "உங்கட ஆக்கள் எந்த ஊர்?" என்று ஸ்டேஷனில் நின்று கேட்டீர்கள். நான் வீட்டில் றேடியோவோடு இருந்தேன். ஊரார் பேரப்பிள்ளைகளை எல்லாம் வரிசையாக எழுதினீர்கள். நமக்கென்று எழுத ஒரு பிள்ளை வரவில்லை.

கலியாணமான புதிதில் ஒரு புதுக்கொப்பியை விரித்து, "உம்மட ஆக்களைச் சொல்லும்" என்றீர்களே, நினைவிருக்கிறதா?

"அப்பா கடலில செத்தவர். அம்மாவும் போயிட்டா. இதுக்கு மேல கிண்டவேண்டாம்" என்றேன்.

அப்பா கடலில் செத்தது பொய். எனக்கு ஆறு வயதாக இருக்கையில் ஒரு காலை கடற்படை டொக்யாட்டுக்கு வேலைக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. சில மாதம் கழித்து அம்மா கறுப்புச் சேலை உடுத்தி, அப்பா செத்துவிட்டார் என்றாள். ஆனால் அவருக்காகக் கோயிலில் ஒரு பூசைகூட வைக்கவில்லை. அவர் எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்று அதிலிருந்தே எனக்கு விளங்கிவிட்டது.

நீங்கள் என் முகத்தைப் பார்த்துக் கொப்பியை மூடினீர்கள். "ஓம், கிண்டமாட்டன்" என்றீர்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் முப்பத்தோராம் நாளில் எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, நெற்றியில் திருநீறோடு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி படலையில் நின்றாள்.

"மாஸ்டரின்ர வீடுதானே? இலங்கைத்துறையில இருந்து வாறன். லோஞ்சு பிந்திப் போச்சு."

கதிரையைக் காட்டினேன். கோப்பையில் சோறு போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ர பேர் பரமேஸ்வரி. ஐயா சவிரிமுத்து. முந்தி டொக்யாட்டில தச்சுவேலை செய்தவர்."

என் அப்பாவின் பெயர், அவர் செய்த வேலை. கையிலிருந்த கறிச்சட்டியை நிலத்தில் வைத்தேன்.

அவள் சொல்லித்தான் அறிந்தேன். பத்து வருஷத்துக்கு முன் பழைய டொக்யாட் கதை கேட்க நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு அப்பா, "எனக்குத் திருகோணமலையில ஒரு மூத்த மகள். திரேசா எண்டு பேர்" என்றாராம். நீங்கள் பேனாவை மூடி, குடிக்கத் தண்ணீர் கேட்டீர்களாம். குடித்த பிறகுதான், நான் உங்கள் மனைவி என்று சொன்னீர்களாம்.

"அதுக்குப் பிறகு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்தவர், அக்..." என்று நிறுத்தினாள். "மூத்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறீங்களோ எண்டு ஐயா ஒவ்வொருக்காவும் கேக்கிறவர். 'வாக்குக் குடுத்திட்டன், அவவாக் கேட்டால்தான் ஏலும்' எண்டு மாஸ்டர் சொல்லுவார். ஐயா செத்த அண்டைக்கு மாஸ்டரும் ஒரு பக்கம் தோள் குடுத்தவர்."

ஆறு வருஷத்துக்கு முன் என்றாள். அந்தச் சனிக்கிழமை எனக்குத் தெரியும். பின்னேரம் வந்து, வீட்டுக்குள் ஏறாமல் நேரே கிணற்றடிக்குப் போனீர்கள். "என்ன, நேரங்கெட்ட குளிப்பு?" என்று கேட்டேன். "புழுதி" என்றீர்கள். என் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து என்னிடம் துவாய் கேட்டிருக்கிறீர்கள்.

எப்படி முடிந்தது உங்களுக்கு? ஒரு தரம், ஒரே ஒரு தரம், வாக்கை மீறியிருக்கக் கூடாதா?

ஆனாலும் உங்களை மட்டும் குற்றம் சொல்ல ஏலாது. அவர் உயிரோடு இருந்த காலத்தில் ஒருநாள் சாப்பாட்டில், "திரேசா, ஒருத்தர் உயிரோட இருந்தால்..." என்று தொடங்கினீர்கள். "புட்டு ஆறுது, சாப்பிடுங்கோ" என்றேன். நீங்கள் என்ன சொல்ல வந்தீர்கள் என்று எனக்கு அரைவாசி தெரியும். தெரிந்துதான் மறித்தேன்.

போன மாதம் நான் போனேன். லோஞ்சில் தனியாக ஏறியது அதுதான் முதல் தரம். மூதூர்த் துறையில் பரமேஸ்வரி காத்து நின்றாள். பஸ், பிறகு கால் புதையும் மணலில் நடை. அப்பா கிடக்கும் இடத்தில் சிலுவையும் இல்லை, கல்லும் இல்லை. நாற்பத்தைந்து வருஷமாக அவருக்கென்று சேர்த்து வைத்த ஏச்சில் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை.

"ஏன் விட்டிட்டு வந்தவர் எண்டு உனக்குச் சொன்னவரோ?"

"இல்லை. கேட்டால் அழுவார். பிறகு நான் கேக்கேல்ல."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் மெல்ல, "அக்கா எண்டு கூப்பிடலாமோ?" என்றாள். ஓம் என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். இவ்வளவு பெரிய கதையைக் கொண்டுவந்திருக்கிறேன், கேட்க ஆள் இல்லை. வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் சொல்லக் கேட்ட மனிதர் நீங்கள். நான் சொல்லத் தொடங்கும்போது நீங்கள் இல்லை.

உங்கள் நினைவு மலருக்குப் பாடசாலையில் ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள். புகழ்ந்து எழுதுவேன் என்று எதிர்பார்ப்பார்கள். இதைத்தான் கொடுக்கப்போகிறேன். ஊர் வாசிக்கட்டும். அம்மா என்னை மன்னிப்பாள்.

இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் இடத்தில் நான் இலங்கைத்துறைக்குப் போவேன். பரமேஸ்வரியையும் அவளுடைய பிள்ளைகளையும் பெயர் பெயராக என் கையால் எழுதுவேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் மனைவி,
இலங்கைத்துறை சவிரிமுத்துவின் மூத்த மகள்
திரேசா