ஹேவ் போட்டுச் சொல்லணும்

விருத்தாசலம்
9.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பேசினால் அழுகிறாய், எழுது என்றீர்கள். எழுதுகிறேன். விசாவுக்கான இங்கிலீஷ் தேர்வில் மறுபடியும் ஃபெயில். எவ்வளவு காலமாக வேலை பார்க்கிறாய் என்று தேர்வு எடுத்த அம்மாள் கேட்டதற்கு, ‘ஐ ஒர்க்’ என்று சொல்லித் தொலைத்தேன். டியூஷனில் ஜெயராஜ் சார் திட்டினார்: “ஏம்மா, அன்னிக்குத் தொடங்குனது இன்னிக்கும் நடக்குதுன்னா ஹேவ் போட்டுச் சொல்லணும்னு எத்தினி வாட்டி சொல்றது?”

செராமிக் பட்டறையில் ஜாடிகளுக்கு வண்ணம் தீட்டும்போதும் வாய்க்குள் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் கொளஞ்சியம்மாள், “ஜாடிகிட்ட பேசறியா, ஒம் புருசன்கிட்டயா?” என்கிறாள். கல்யாணத்துக்கு வந்த லீவோடு சரி, நாம் ஒன்றாக இருந்தது. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
பூங்கோதை

லண்டன்
30.6.2024

அன்புள்ள கோதைக்கு,

அழாதே. அந்த ஹேவ் வராமல் இங்கே பால் பாக்கெட்கூட வாங்க முடியாது. அவசரப்படாமல் படி, அடுத்த வருஷம் பார்க்கலாம். நீ பாஸ் பண்ணினால் அன்றைக்கே விசாவுக்குப் போடுகிறேன். அம்மாவைப் பார்த்துக்கொள்.

மதிவாணன்

விருத்தாசலம்
17.2.2025

மாமா, பாஸ்!

அதே அம்மாள்தான். அதே கேள்விதான். ‘ஐ ஹேவ் ஒர்க்ட்’ என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அத்தை தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தார்கள். பெட்டிகூட வாங்கிவிட்டேன். எப்போது விசாவுக்குப் போடுகிறீர்கள்? போனையாவது எடுங்கள், இனிமேல் அழமாட்டேன்.

உங்கள்
கோதை

லண்டன்
13.4.2025

பூங்கோதைக்கு,

விசாவுக்குப் போடப்போவதில்லை. இங்கே எனக்குக் குடும்பம் இருக்கிறது, நம் கல்யாணத்துக்கு முன்பிருந்தே. அம்மாவின் பிடிவாதத்துக்காகத் தாலி கட்டினேன். உன்னால் பாஸ் பண்ண முடியாது, நீயே சலித்து விட்டுவிடுவாய் என்றுதான் நினைத்தேன். அம்மாவிடம் சொல்லாதே.

மதிவாணன்

விருத்தாசலம்
4.5.2025

மதிவாணன் அவர்களுக்கு,

அத்தையிடம் சொல்லிவிட்டேன். “எம்புள்ள அப்புடிச் செய்யமாட்டான்” என்று முதலில் என்னைத்தான் ஏசினார்கள். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் படுத்தவர்கள், இன்னும் சாப்பிடவில்லை.

பாஸாக வேண்டும் என்று சாமிக்குச் சீட்டு எழுதி, மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டியிருந்தேன். கேட்டது நடந்துவிட்டால் போய் வாபஸ் வாங்க வேண்டுமே, நேற்று வாங்கினேன். “இப்ப அவன் மேல ஒண்ணு கட்டுடி” என்று கொளஞ்சியம்மாள் பேப்பரும் பேனாவும் கொடுத்தாள். உங்கள் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் எழுதினேன். அதற்குக் கீழே என்ன வேண்டும் என்று எழுத வேண்டும். நீங்கள் திரும்பி வர வேண்டும் என்றா? சீ. நாசமாய்ப் போக வேண்டும் என்றா? அதற்கும் மனசு வரவில்லை.

நடை சாத்தும் வரை உட்கார்ந்திருந்தேன். சாமியிடம் கேட்க எனக்கு ஒன்றுமே இல்லை.

பூங்கோதை